பாத முத்தம்

எகிப்திய அரசனின் முன்னால் விழுபவர்கள் மண்ணைத்தான் முத்தமிட வேண்டும். அரண்மனை அதிகாரி இபிக்கு மட்டும் அரசனின் பாதத்தையே முத்தமிடும் அனுமதி கிடைத்தது. அதைத் தன் மாமனாரின் குடும்பக் கல்லறைச் சுவரில் செதுக்கக் கேட்டு வந்து நின்றான். அந்தச் சுவரில் முகம் இல்லாதவனுக்கு மறுமையில் இடமில்லை.

"இதுக்கு மேல என்ன கௌரவம் இருக்கு, மாமா?"

கிழவர் ஹெனு அவன் உதட்டையே பார்த்தார்.

"எங்க பாட்டன்மாரும் முத்தமிட்டாங்க, மண்ணைத்தான். மண்ணு நம்மளுது, வாய் கழுவாமலே ரொட்டி தின்னலாம். காலு யாரோடது?"

இபி இளித்தான். ஹெனு கல்லறைச் சுவரருகே நின்ற சிற்பியிடம் திரும்பினார்.

"செதுக்குப்பா. கால் நல்லாப் பெருசா இருக்கட்டும். மாப்பிள்ளையோட குனிஞ்ச முதுகும் தெரியட்டும். முகம் வேண்டாம்."

சிற்பி உளியைச் சுவரில் வைத்தான்.

"முகம் இல்லேன்னா அங்க என்னை யாருக்கு அடையாளம் தெரியும், மாமா?"

"அந்தக் காலுக்குத் தெரியுமே, மாப்பிள்ளை."