மேலடுக்கு

"கண்ணைக் கழற்றி வீட்டில வைச்சிட்டோ அம்பயர் வேலைக்கு வந்தனீர்?"

மோர்னிங்சைட் சமூக நிலையத்தின் கூட்ட அறை அதிர்ந்தது. கத்தியவர் மல்வேர்னில் மரக்கறிக்கடை வைத்திருக்கும் அன்புராசா. எதிரே நடுவர் கிளிபோட் தலைகுனிந்து இருந்தார்.

முந்தின நாள் பேஸ்போல் ஆட்டத்தில் பந்து வீசியது அன்புராசாவின் மகள் செரீனா. கடைசி ஆள் வரும்வரைக்கும் எதிரணியில் ஒருத்தியையும் முதல் பேஸில் கால்வைக்க விடவில்லை. இந்தத் தமிழ்ப் பெண்கள் லீக்கில் யாருமே செய்யாத சாதனை. கடைசி ஆட்டக்காரி ஓடிவர முன்னமே பந்து பேஸுக்கு வந்துவிட்டது. ஆளுக்கு முந்திப் பந்து வந்தால் அவுட்; ஆனால் கிளிபோட் கையை விரித்து "சேஃப்" என்றார்.

சாதனை போயிற்று.

"இதைப் பாரும், தங்கச்சி." அன்புராசா தன் ஃபோனை லீக் தலைவி றெஜினாவிடம் நீட்டினார். அவரே எடுத்த வீடியோ. அதில் கடைசிப் பந்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தார். "கால் எங்கை நிக்குது, பந்து எங்கை நிக்குது?"

கிளிபோட்டும் எட்டிப் பார்த்தார்.

"என்ர பிழைதான், அண்ணை. பிள்ளையின்ர முகத்தை நினைச்சு எனக்கு நித்திரையே இல்லை. அவுட் எண்டு திருத்துங்கோ."

"நடுவரே சொன்னால் திருத்தலாம்," என்றாள் றெஜினா.

"திருத்தினால் மட்டும் காணாது. பேப்பரில என்ர பிள்ளையின்ர படம் வரவேணும். அரைப்பக்கம்!"

"கால்பக்கம், அண்ணை," என்றாள் றெஜினா.

"கலரில எண்டால் சரி."

பேரம் படிந்தது.

அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த செரீனா எழும்பினாள்.

"அப்பா, மாம்பழப் பெட்டி வாங்கேக்க என்ன செய்வீங்கள்?"

"உதென்ன கேள்வி? அடிவரைக்கும் கொட்டிப் பாப்பன். மேலடுக்கைக் காட்டி என்னை ஏமாத்த ஒருத்தராலும் ஏலாது!"

"அப்ப இதையும் கொட்டுவம்."

அவர் கையிலிருந்த ஃபோனை வாங்கினாள். முழு ஆட்ட வீடியோவைத் தேடி எடுத்து, மூன்றாவது இன்னிங்ஸுக்குத் தள்ளினாள்.

எதிரணிப் பெண் பேஸை மிதிக்கிறாள். பந்து அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆனால் கிளிபோட் "அவுட்" என்று கையை உயர்த்துகிறார். வீடியோவுக்குள் அன்புராசாவின் குரல் கிசுகிசுத்தது:

"உவள் சேஃப்தான். பேசாமல் இருங்கோ, அம்பயர் காணேல்லை!"



"அதுவும் என்ர பிழைதான்," என்றார் கிளிபோட்.

"அப்ப ரெண்டையும் திருத்துங்கோ, அங்கிள். இல்லாட்டி ரெண்டையும் விடுங்கோ. எப்பிடியும் அந்தச் சாதனை எனக்கில்லை. எனக்கு வந்த பிழையை மட்டும் திருத்தினால் ஃபெயர் இல்லை."

அன்புராசா ஜாக்கெற்றை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவு படாரென்று மூடிக்கொண்டது.

மறுநாள் காலை கடையில் வாடிக்கைக்காரி யோகமலர் மாம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மேலடுக்கை மட்டும்தான் தொட்டாள். அடியில் கைவிட்டால் அன்புராசா கத்துவார் என்பது மல்வேர்னுக்கே தெரியும்.

"அண்ணை, உங்கட மகளுக்கு அந்த ரெக்கோட்டைக் குடுக்கேல்லையாமே?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஆர் சொன்னது?" கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "குடுத்தவை, தங்கச்சி! என்ர பிள்ளைதான் வேண்டாமெண்டவள்!"

சொன்ன வேகத்திலேயே மாம்பழப் பெட்டியைத் தூக்கி, அவள் முன்னால் தலைகீழாகக் கவிழ்த்தார்.

"அடிவரைக்கும் பாத்து எடும்."