ஸ்ராங்குக்கு நெஞ்சுவலி

"வலையை ஏத்துங்க. கரைக்குப் போறோம்."

போட்டை ஓட்டும் ஸ்ராங்கு பர்வேஸ் இப்படிச் சொன்னதும் எல்லோரும் திகைத்துப் போனார்கள்.

"மக்கா, வெளையாடுதியா? இப்பத்தான் கணவாய் மீனு கண்ணுல பட்டிருக்கு," என்றான் பெனின்.

"நெஞ்சு வலிக்கி. ஆஸ்பத்திரிக்குப் போணும்."

சுலைமானுக்கு வயிறு எரிந்தது. தலை நரைக்கிற வரைக்கும் கடலில் கிடந்தவர் அவர். அவரை விட்டுவிட்டு, நேற்று முளைத்த இந்தப் பயலிடம் போட்டைக் கொடுத்திருந்தார் முதலாளி. அந்தக் காந்தல் இன்னும் ஆறவில்லை.

அது போதாதென்று, இன்றைக்கு அவரை வலையைத் தொடவே விடவில்லை. "மாமா, நீரு சும்மா இரியும்" என்று எல்லார் முன்னாலும் ஓரங்கட்டிவிட்டான். ஆத்திரத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

கடலில் ஒரு வழக்கம் உண்டு. எவனுடைய உடம்பு நோவுக்காகப் படகு பாதியில் திரும்புகிறதோ, அவனை அப்புறம் யாரும் ஏற்றமாட்டார்கள். சுலைமானே எத்தனையோ பேரை அப்படிக் கரையில் உட்கார வைத்தவர்.

இனி இவனும் கரையில்தான்.

"சுக்கான் பிடிக்கவனுக்கு நெஞ்சுல உரம் வேணும்லே," என்றார் சத்தமாக. "கூட்டத்த நடத்துறவன் கடைசியிலதான் கரையேறணும். இவன் முதல்ல ஓடுதான்."

"தொட்டில்ல போட்டு ஆட்டணும்," என்றான் பெனின். மற்றவர்கள் சிரித்தார்கள்.

பர்வேஸ் இஞ்சினை முழு வேகத்தில் விட்டான்.

கொளச்சலில் இறங்கியதும், "மாமா, நீரு மட்டும் எங்கூட வாரும்," என்றான்.

வேண்டாவெறுப்பாக ஆட்டோவில் ஏறினார் சுலைமான். நாளைக்கே முதலாளியைப் பார்த்து, இவன் லட்சணத்தைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

நெய்யூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "நெஞ்சுவலி யாருக்கு?"

"இவருக்கு, டாக்டர்." பர்வேஸ், சுலைமானின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினான். "வேர்த்து ஒழுகுது. இடது கையத் தடவிக்கிட்டே இருந்தாரு. கேட்டா கடிச்சுக் குதறுவாரு."

"எனக்கென்னலே? இது வாயு..."

டாக்டர் இசிஜி எடுத்துப் பார்த்தார். அடுத்த நொடி நர்ஸை அவசரமாகக் கூப்பிட்டார்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த சுலைமான் பர்வேஸின் கையைப் பிடித்தார்.

"ஒனக்குன்னு ஏன்லே சொன்ன? அவனுவ ஒன்ன எப்படி ஏசினானுவ. நானும்தான..."

"ஒமக்குன்னு சொன்னா பெறகு எவன் ஒம்ம போட்டுல ஏத்துவான்?"

பர்வேஸ் குனிந்து அவர் காதருகே சொன்னான்.

"நாளைக்கு முதலாளி வந்து கேட்டாலும் வலி எனக்குத்தான், மாமா. நீரு வாயத் தொறக்காண்டாம்."