வரிசையில் நின்றவள்

பிராந்திக் கடை வரிசையில், ஆம்பிளைகளுக்கு நடுவே முக்காடு போட்டுக்கொண்டு நிற்பது தன் அக்கா செங்கம்மாதான் என்று தெரிந்ததும் வேதாச்சலத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவர் புத்தூரில் பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமையாயிற்றே, அக்காவைப் பார்த்துவிட்டு வரலாமென்று நகரிக்கு பஸ் ஏறியிருந்தார்.

அக்கா பாட்டிலை வாங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தாள். கடை வாசலில் நின்ற இரண்டு பேர் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். வேதாச்சலம் தலையைக் குனிந்தபடி பின்னாலேயே போனார்.

வீட்டில் பார்த்தது அதைவிடக் கொடுமை.

அக்கா மகன் லோகேஸ்வரன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவன். ஷிப்ட் முடிந்து ரூமில் கூட்டாளிகளோடு ஆரம்பித்த பழக்கம், கண் விழித்ததுமே பாட்டிலைத் தேடுகிற அளவுக்கு முற்றி, இப்போது வேலையும் போய்விட்டது. அவன் கைகள் வெடவெடவென்று நடுங்கின. செங்கம்மா டம்ளரில் கொஞ்சம் ஊற்றித் தண்ணீர் கலந்தாள். அவனால் பிடிக்க முடியாததால் தானே வாயில் வைத்துக் குடிக்க வைத்தாள்.

"இன்னாக்கா இது? பெத்தவளே ஊத்திக் குடுக்குறியே?"

செங்கம்மா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்துதான் பேசினாள். திருப்பதியில் டாக்டரம்மாவைப் பார்த்தாகிவிட்டதாம். புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்களாம். அதுவரைக்கும் இப்படித்தான் என்றாள்.

புதன்கிழமை நிறுத்தப்போகிறவன் இன்றைக்கே நிறுத்தினால் என்ன என்று அவர் கேட்டார். அவள் முடியாதென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

வேதாச்சலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே வீட்டில் அவள் புருஷன் திருமலையும் குடியால்தான் போனார். சொல்லிச் சொல்லிப் பார்த்தும் கேட்காத அவரை ஒரு நாள் உள்ளறையில் தள்ளி, வெளியே பூட்டுப் போட்டு, சாவியையும் எடுத்துக்கொண்டு போனவர் வேதாச்சலம்தான். மறுநாள் சாயங்காலம் வேதாச்சலம் திரும்பி வந்தபோது கதவு உடைந்து கிடந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்த் திரும்பக் கொண்டுவந்த மாமாவின் உடம்பைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

மாரடைப்பு என்றாள் அக்கா.

இன்னும் கொஞ்சம் முன்னாடியே பூட்டியிருந்தால் மாமா பிழைத்திருப்பார் என்று வேதாச்சலம் இன்றைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வதுண்டு.

"பாட்டிலைக் குடு. மாமாவப் பூட்டி வெச்ச மாதிரி இவனையும் நான் பூட்டி வெக்கிறேன். கொஞ்ச நேரம் கத்துவான், அப்புறம் அடங்கிடுவான்."

லோகேஸ்வரனின் கையைப் பிடித்து இழுக்கப் போனார். செங்கம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"எம் புள்ளய நீ தொடாத."

அந்தக் குரலை அவர் அதுவரை கேட்டதில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் வெளியே வந்துவிட்டார்.

இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்றுதான் இருந்தார். ஆனால் செவ்வாய்க்கிழமை லோகேஸ்வரன் போன் செய்தான். "அம்மாவால என்னைத் தனியா கூட்டிக்கினு போக முடியாது மாமா. நீ வா. எனக்கு இத எப்படியாவது விட்டுடணும்" என்று அழுதான். மனசு கேட்கவில்லை. லீவு போட்டுவிட்டுக் கிளம்பினார்.

ஆஸ்பத்திரியில் அக்காவையும் மகனையும் நர்ஸ் வார்டுக்கு அழைத்துப் போனாள். அக்கா ஏற்கெனவே பார்த்திருந்த டாக்டர் ஹரிப்ரியா வேதாச்சலத்தை உட்கார வைத்துப் பேசினார். முதலில் நடுக்கத்துக்கு மருந்து, பிறகு மனசு விட்டுப் பேச ஆள், வீட்டுக்குப் போன பின் குடியை விட்டவர்கள் கூடும் கூட்டம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நடுவில் ஒரு தடவை சறுக்கினாலும் கைவிடக் கூடாது, திரும்பக் கூட்டி வரவேண்டும், பழசைச் சொல்லிக் குத்திக்காட்டக் கூடாது என்றார்.

வேதாச்சலத்தால் அடக்க முடியவில்லை. "எல்லாம் சரிம்மா. எங்க அக்காவே கடையில நின்னு வாங்கியாந்து அவனுக்கு ஊத்திக் குடுத்தா. அதை யாரு கேக்குறது?"

"நான்தான் குடுக்கச் சொன்னேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தினமும் குடிச்ச உடம்பு சார். வீட்டுல வெச்சு ஒரேயடியா நிறுத்தினா வலிப்பு வரும், உயிரே போயிடலாம். மருந்து குடுத்துப் பக்கத்துல இருந்து பாத்துக்கணும். அன்னிக்கு இங்க பெட் காலியா இல்ல. அதுவரைக்கும் நான் சொல்ற அளவுல, கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக் குடுங்கன்னேன். அந்தக் கடையில போய் நிக்கணுமான்னு கேட்டாங்க. ஆனா நின்னாங்க."

"வலிப்பா?" என்றார் வேதாச்சலம்.

"உங்க மாமாவும் அப்படித்தானே போனார்? மாரடைப்பு இல்ல, குடியைத் திடீர்னு நிறுத்தினதால வந்த வலிப்புன்னு அன்னிக்கே ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்களாம்."

அவர் வார்டு பக்கம் திரும்பினார். கதவு வழியாக அக்கா தெரிந்தாள். மகனுக்குப் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க சார். அவங்களை இனிமே யாரும் குத்தம் சொல்ல வேண்டாம். தெரியாம எம் புருஷனை அறையில போட்டுப் பூட்டினது நான்தான்னு எங்கிட்ட சொல்லி அழுதாங்க."