உடுத்திய துணி

பேனாவை வாங்கி அவளே எழுதினாள், பார்சலை வாங்க மறுப்பதாக. கீழே கையெழுத்தும் போட்டாள், நன்றாக அழுத்தி.

தபால்காரர் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். நியூசிலாந்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறது, சுங்க வரி இரண்டாயிரத்துச் சொச்சம்தான், கையில் இல்லையென்றால் நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றார்.

பணம் பீரோவில் இருந்தது.

மனம்தான் ஒப்பவில்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில், உள்ளே என்ன என்ற இடத்தில், தங்கை சுகந்தியின் கையெழுத்து. உடுத்திய பழைய துணி. மதிப்பு ஏதுமில்லை.

மதிப்பே இல்லாததற்கு வரி கட்ட அவளுக்கென்ன கிறுக்கா பிடித்திருக்கிறது?

சின்ன வயதில் சுகந்தி உடுத்தியதெல்லாம் அக்கா உடுத்திக் கழித்ததுதான். பாவாடை, பள்ளிச் சீருடை, ஸ்வெட்டர், எல்லாம். அக்காவான இவளுக்கு அது ஒரு விஷயமாகவே பட்டதில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தானே.

அம்மாவின் பதினாறாம் நாள், நகையைப் பிரிக்கும்போதுதான் சுகந்தி வாய் திறந்தாள். எனக்கு என்றைக்கும் உன் மிச்சம்தானே என்று, அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில். அன்று போனவள்தான்.

அதன் பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போனில் ஒரு வாழ்த்துப் படம் வரும். இவளும் பதிலுக்கு ஒன்று அனுப்புவாள். அக்கா தங்கை உறவு அந்த இரண்டு படங்களில் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது கடல் தாண்டி வருகிறது, உடுத்திய துணி. இந்தா, நீயும் கொஞ்சம் போட்டுப் பார் என்று.

அவள் அப்படித்தான் படித்தாள்.

தபால்காரர் போனபின் மனசுக்கு நிறைவாக இருந்தது. அன்று ரசம்கூட நன்றாக அமைந்தது.

மதியம் கணவர் சாப்பிட வந்தார். நடந்ததைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொன்னாள். கூட்டியது தன் பேச்சை, குறைத்தது தபால்காரரின் பேச்சை. அவர் எதற்கும் மறுத்துப் பேசுகிறவர் இல்லை. மோரை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"பழைய துணிக்கு எவன் வரி போடுவான்?"

கரண்டி பிடித்த கை அப்படியே நின்றது.

பெட்டியின் ஓரத்தைப் பிரித்து, சுங்கத்துறையின் நாடா போட்டு மறுபடி ஒட்டியிருந்தார்கள். காலையிலேயே கண்ணில் பட்டதுதான். பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது, புதிது என்று. சீட்டில் எழுதியிருந்ததை அவர்கள் நம்பவில்லை.

நம்பியது அவள் ஒருத்திதான்.

குடை எடுக்கவும் தோன்றவில்லை. கோத்தகிரி மேட்டில் அவள் அப்படி ஓடி வெகு காலம் ஆயிற்று.

தபால் நிலையத்தில் பையைக் கட்டி அனுப்பியிருந்தார்கள். வண்டி மலை இறங்கிவிட்டது. மறுத்து எழுதிக் கொடுத்தால் அனுப்பியவருக்கே போய்விடும் என்றார் அங்கிருந்த பெண். எழுதியது நீங்கள்தானே என்றும் கேட்டார்.

ஆமாம் என்றாள்.

வாசற்படி இறங்கும்போது போன் அடித்தது. சுகந்தி. இந்த முறை படம் இல்லை.

பார்சல் ஊருக்கு வந்துவிட்டதாகக் காட்டுகிறதாம். வரி கிரி என்று அக்காவைக் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் பழசு என்று எழுதினாளாம். மூச்சுவிடாமல் பேசினாள், பாவாடை வயதில் பேசியது போலவே.

"ஒரே மாதிரி ரெண்டு ஸ்வெட்டர் வாங்கினேன்க்கா. உனக்கொண்ணு, எனக்கொண்ணு. நான் இப்ப அதத்தான் போட்டிருக்கேன். நீ போட்டுப் பாத்தியா?"

மழை பிடித்துக்கொண்டது. சேலை நனைந்து தோளோடு ஒட்டியது. பல் தந்தியடித்தது.

சொல்லிவிடலாம். சொல்லிவிட வேண்டும்.

"போட்டுக்கிட்டுதான்டி நிக்கிறேன்" என்றாள்.