கருவேலந்திட்டு மோதலுக்கு ஒரு கட்டுரை

கருவேலந்திட்டு எல்லை மோதல் இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. நான்கு வீரர்கள் இறந்தார்கள். கலைக்களஞ்சியத்தில் கட்டுரை இருந்தால்தான் அரசு அதை நடந்ததாக ஏற்கும். இல்லையென்றால் இறந்தவர்கள் படையை விட்டு ஓடிப்போனவர்கள் பட்டியலில் சேருவார்கள்.

கட்டுரைத் தேர்வுக்குழுவின் பவளக்கொடி இறந்த வீரர்களின் அம்மாக்கள் நான்கு பேரிடமும் தணிந்த குரலில்தான் சொன்னாள். "விதிப்படி ஒரு மோதலுக்குக் கட்டுரை போட அஞ்சு சாவு வேணும்மா. என் கையில ஒண்ணும் இல்ல."

"அதே சண்டையில குண்டடிபட்டு ஆஸ்பத்திரியில ஒரு பையன் கெடக்கானே?" என்றாள் சந்தனமாரி, நால்வரில் ஒருத்தி.

"பொழச்சுக்குவான்னு சொல்றாங்க."

மறுநாளிலிருந்து நால்வரும் தினமும் ஆரஞ்சுப் பழத்தோடு அவனைப் பார்க்கப் போனார்கள். மூன்றாம் நாள் அவன் அம்மா, "இன்னிக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டான்க்கா" என்றாள்.

நால்வரில் ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.