பெரணி முளைத்த மூலை

மண்வெட்டியை ஓங்கிய புருஷன் கையைத் தங்கமயில் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி, விடு! நாளைக்கு மிஸ்திரி சிமெண்டுத் தரை போடத் தோண்டும்போது கூடை வெளிய வந்தா, போலீஸுக்கு என்ன பதில் சொல்லுவ?” என்றான் பூலோகம். அதட்டினானே தவிர, அவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

போன வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துமூன்று மழையில், இருவருமாகப் புதைத்த கூடை அது. கண்ணைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்ட தலைச்சன் பிள்ளை அதற்குள் இருந்தது.

தலைச்சனைச் சுடுகாட்டில் புதைத்தால் மண்டையோட்டில் வசிய மை எடுக்கிற மந்திரவாதி தோண்டிக்கொண்டு போய்விடுவானாம். திருநெல்வேலிப் பயம்! டிக்கெட் எடுக்காமலே ரயிலேறிப் பம்பாய்த் தாராவிக்கும் வந்திருந்தது. அதனால்தான் ஒருவருக்கும் தெரியாமல் குடிசை மூலையிலேயே வைத்தார்கள்.

தாதர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவனுக்குப் பட்டுத்துணியா கிடைக்கும்? மலையிலிருந்து பழம் வந்த கூடைதான் கிடைத்தது. பழம் நசுங்காமலிருக்கப் பரப்பியிருந்த பெரணித் தழையே பிள்ளைக்கும் மெத்தை. பச்சைத் தழை, வேரும் மண்ணும்கூட ஒட்டியிருந்தது.

இந்த மழைக்கு அது முளைத்துவிட்டது.

வெயில் எட்டிப் பார்க்காத அந்த மூலையில், பிள்ளை கையை மூடிக்கொண்ட மாதிரி சுருண்ட ஒரு குருத்து. சில நாளில் விரிந்து இலையாகிவிடும். பூலோகம் ஒடித்துப் போட்டான். மறுபடி வந்தது. அடுப்புக் கங்கை அள்ளிக் கொட்டினான். முன்னைவிடக் கொழுத்து வந்தது.

அவன் வேலைக்குப் போனதும் தங்கமயில் அதற்குத் தண்ணீர் ஊற்றினாள். பேசவும் பேசினாள். யாராவது பைத்தியக்காரி என்றால் என்றுவிட்டுப் போகட்டும், அவளுக்கென்ன! அதையும் இன்று பிடுங்கிக்கொண்டு போனால் அவள் எதைப் பார்த்துப் பிழைத்துக் கிடப்பாள்?

அவன் கையை உதறிவிட்டு வெட்டினான்.

கூடை வந்தது. கூடை நிறைய வேர். விரல் தடிமனில் கறுத்த வேர்.

வேருக்கு நடுவே துணிமூட்டை இருந்தது. அவன் கட்டிய முடிச்சு அவிழவில்லை. அவிழ்த்தான்.

உள்ளே ஒன்றுமில்லை. ஒரு எலும்புத் துணுக்குகூட இல்லை.

துணியைத் துளைத்துக்கொண்டு ஒரு வேர் மட்டும் வெளியே போயிருந்தது. அதன் பின்னாலேயே அவன் பித்துப் பிடித்தவன்போல் வெட்டிக்கொண்டு போனான். அடுப்படியைத் தாண்டி, தட்டுமுட்டுச் சாமானைத் தாண்டி, தங்கமயில் படுக்கிற இடத்தில் வேர் முடிந்தது. நுனியில் குருத்து எதுவும் இல்லை.

பூலோகத்துக்கு முகம் வெளிறிவிட்டது. தங்கமயிலோ அழுகையை நிறுத்தியிருந்தாள். சந்தோஷமாக இருந்தாள் என்றுதான் சொல்லவேண்டும்.

“இனி தோண்டாதிய. மிஸ்திரி வந்து தரையப் போடட்டும். பிள்ள அங்க இல்ல” என்றாள்.

நாள் தள்ளிப்போயிருப்பதை அவள் இன்னும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.