வியாழக்கிழமைப் பிடிவாதம்

மாலை ஐந்தே முக்காலுக்கு ஸ்கூட்டரை ஸ்டாண்டில் ஏற்றுகிற அந்த 'டக்' சத்தம். லோத்குண்டா வீட்டில் இருபத்திரண்டு வருஷமாக, தினமும் அதைக் கேட்டபிறகுதான் பகவதி காபிக்குப் பால் வைப்பாள்.

ஸ்கூட்டரை விற்றாயிற்று. பாதுகாப்புத் துறை அலுவலகத்தில் சூப்பரிண்டெண்டாக இருந்த அவள் கணவர் ஜம்புநாதனுக்குப் பக்கவாதம் வந்து நாலு மாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறல். பகவதிக்கு மட்டும்தான் புரியும்.

அந்தக் குழறலிலும் ஒரு பிடிவாதம். வியாழக்கிழமையானால் ஆஸ்பத்திரிக் கூட்டத்துக்குப் போயே ஆகவேண்டும். பக்கவாதம் வந்தவர்களும் வீட்டாரும் மனசுவிட்டுப் பேசுகிற கூட்டம்.

ஊரின் மறுகோடி கச்சிபௌலியிலிருந்து மகன் வெங்கட் போனில் சலித்துக்கொண்டான். எக்சர்சைஸ்தான் வீட்டிலேயே நடக்கிறதே, அப்பா ஏன் அம்மாவை அலைக்கழிக்கிறார்? பகவதிக்கும் அதே கேள்விதான். வேட்டி கட்டிவிட்டு, ஆட்டோக்காரரும் அவளுமாக அவரைத் தூக்கி உட்காரவைப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும்.

அங்கே போனதும் மனிதர் வராந்தா பெஞ்சில் கண்ணை மூடிக்கொள்வார். அவளை மட்டும் உள்ளே போகச் சொல்லி இடது கையால் விரட்டுவார்.

மூன்று வாரம் அவள் வாயே திறக்கவில்லை. நாலாவது வாரம் பக்கத்து நாற்காலி மெஹருன்னிசா, கோபத்தில் புருஷன்மேல் சப்பாத்தித் தட்டை வீசியதைச் சொல்லித் தானே சிரித்தாள். பகவதிக்கும் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகை வந்தது. அடங்க அரைமணி ஆயிற்று.

"தில் மே நக்கோ ரக்கோ, அம்மா." மனசில் வைத்துக்கொள்ளாதே என்று மெஹருன்னிசா முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்குத்தான் பகவதி விடியும்வரை தூங்கினாள்.

அடுத்த வியாழன், கூட்டத்தை நடத்தும் மனநல ஆலோசகர் சுஷ்மாவைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு இப்பத் தேவலை, சுஷ்மா. ஆனா அவருக்காகத்தானே வரோம்? பெஞ்சுல தூங்கறதுக்கா இவ்வளவு பிடிவாதம்?"

சுஷ்மா ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "முதல் நாள் அங்கிள் குடுத்தது, ஆண்ட்டி. எனக்குத் தமிழ் படிக்க வராது, எங்கம்மாதான் படிச்சுச் சொன்னாங்க. அப்ப உங்ககிட்ட காட்டக் கூடாதுன்னு கையை ஆட்டினார். இன்னிக்குக் கேட்டேன், காட்டலாம்னு தலையாட்டிட்டார்."

இடது கையால் எழுதிய எழுத்துகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன. ஆனால் ஆபீஸ் குறிப்பின் ஒழுங்கு குலையவில்லை.

"பொருள்: என் மனைவி. நான் விழுந்த நாள் முதல் அவள் அழவில்லை. யாரிடமும் பேசுவதில்லை. எனக்காக என்று சொன்னால்தான் வருவாள். உடனடி நடவடிக்கை வேண்டுகிறேன்."

அடுத்த தை மாதம் ஜம்புநாதன் ஊன்றுகோலோடு தெருமுனைவரை நடந்தார். வலது கைக்கு மட்டும் கடைசிவரை உயிர் திரும்பவில்லை. பகவதி ஏழு வருஷம் அந்தக் கூட்டத்துக்குத் தனியாகப் போய்வந்தாள், வாய் திறக்காத புது மனைவிகளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார.